கத்திக்கு அடங்காத ரணம்

பிள்ளை பெறுவது பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் உள்ளத்தில் நின்ற பயங்கள் மூன்று: பிரசவ வேதனை நாட்கணக்கில் நீடிப்பது, உதிரம் கட்டுக்கு அடங்காமல் போவது, ஜன்னி காண்பது. இம்மூன்றும் இன்று அடியோடு ஒழிந்துவிடவில்லை. என்றாலும் அந்தக் காலத்தைப் போல் வீட்டுக்கு வீடு எமனாக வந்து நிற்பதில்லை. தமிழ்நாட்டில் இப்பொழுது ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஆஸ்பத்திரியிலேயே பிறக்கின்றன. அவற்றில் பல, தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்படுகின்றன. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இவ்விதம் பிறந்த குழந்தைகள் நூற்றுக்கு 44.9, இந்தியா முழுவதற்கும் இந்தக் கணக்கு நூற்றுக்கு 21.5 தான்.

இதன் பொருள் என்ன? இந்தச் சராசரிப்படி பார்த்தால், அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ அண்மையில் பிள்ளை பெற்ற பத்துத் தாய்மாரில் நாலைந்து பேர் வயிற்றில் தையலோடு வீடு திரும்பியிருப்பார்கள். அந்தத் தையல்களில் பெரும்பாலானவை விரைவில் ஆறிவிடுகின்றன. சிலவற்றில் சீழ் வைக்கிறது. கழுவிக் கட்டி மருந்து கொடுத்தால் அதுவும் குணமாகிறது. ஆனால் மிக மிக அபூர்வமாக, அந்தத் தையலின் மேல் வேறொரு நோய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பார்வைக்கு அது சீழ்ப்புண். உண்மையில் சீழ்ப்புண் அன்று. கழுவினால் அடங்குவதில்லை, வெட்டினால் வளருகிறது. வைத்தியர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் ‘பயோடெர்மா காங்கிரினோஸம்’ என்பது.

இது பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஆண்களுக்கும் வரும், முதியோருக்கும் வரும், முழங்காலுக்குக் கீழே வருவதே அதிகம். ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கே இது புதிதாகக் காண்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வருவது அதனினும் அபூர்வம்.

“அத்தனை அபூர்வமான வியாதியைப் பற்றி எழுதி, நிறைகர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளைக் கலவரப்படுத்துவானேன்?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த நோயில் துன்பம் நோயினால் மட்டும் வருவதில்லை. வேறு நோய் என்று எண்ணி, மிகுந்த அக்கறையுடன் செய்யும் சிகிச்சையினாலேயே அது பெருகுகிறது. உரிய காலத்தில் உரிய பெயரைச் சொல்லிவிட்டால், மருந்தினால் தணியக்கூடிய நோய் இது. பெயர் தெரியாமல் போனால், ஒரு விரற்கடை அளவு ரணம் அடிவயிறு முழுவதும் படர்ந்துவிடக்கூடும். இந்த வித்தியாசத்தை உண்டாக்குவதில் வைத்தியருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நோயாளியின் கட்டிலருகே இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

ரணத்தின் அடையாளம்

ஆபரேஷன் ஆகிச் சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ தையலின் ஓரத்தில் ஒரு சிறு பருவோ கொப்புளமோ தோன்றுகிறது. சுற்றிலும் தோல் சிவக்கிறது. பரு உடைந்து புண்ணாகிறது. சாதாரணப் புண் மெள்ள மெள்ளப் பெருகும். இதுவோ நேற்றுக் கண்ட அளவில் இன்று இருப்பதில்லை. அதன் விளிம்பு கத்திரிப்பூ நிறமாகக் கன்றியிருக்கும். மாநிறத்துக்கும் மேற்பட்ட கறுப்பு உடம்பில் கருநீலமாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ தெரியும். அந்த விளிம்பு மேலே தோல் இருக்க, அடியில் குடைந்து போயிருக்கும். நம் ஊரார் ‘புண் புரையோடிவிட்டது’ என்று சொல்கிறார்களே, அப்படி. எல்லாவற்றிலும் முக்கியமான அடையாளம் வலி. புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி. புடவைத் தலைப்பு பட்டாலும் தாயானவள் துடித்துப் போகிறாள்.

பிரசவத்தை ஒட்டி வரும்போது சிஸேரியன் தையலே இதற்குப் பெரும்பாலும் இடமாகிறது. சுகப் பிரசவத்தில் கீழே போட்ட தையலிலும், ஊசி குத்திய இடத்திலும், காலிலும், மார்பிலும் வருவதும் உண்டு.

இப்பொழுது ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறது, சீழ் போன்ற நீர் வடிகிறது, ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் மிகுந்திருக்கின்றன. கிருமியின் வேலை என்றே எவரும் முடிவு செய்வார். ஆன்டிபயாடிக் மருந்து ஏறுகிறது, பலனில்லை. அதைவிடக் கடுமையான மருந்து ஏறுகிறது, அதற்கும் பலனில்லை. சீழை எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால் கிருமி எதுவும் வளரவில்லை என்றோ, புண்ணின் மேல் சாதாரணமாகப் படியும் கிருமி கொஞ்சம் வளர்ந்தது என்றோ விடை வருகிறது. பிறகு ரண வைத்தியர், கெட்டுப்போன சதையை வெட்டி அப்புறப்படுத்துகிறார். ஒரு நாள் புண் சுத்தமாகத் தெரிகிறது. மறுநாள் வெட்டிய ஓரமே கன்றுகிறது, மீண்டும் வெட்டவேண்டியிருக்கிறது. இப்படியே இரண்டு முறை, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ரணம் பெரிதாகிறது. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் வைத்தியப் பத்திரிகைகளில் வெளியான வரலாறுகளைப் படித்தால், ஊரும் பெயரும் மாறினாலும் இந்தக் கதை மட்டும் அநேகமாக மாறுவதில்லை.

பெயர் பிறந்த கதை

அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் நகரில் மேயோ வைத்திய நிலையம் என்ற புகழ்பெற்ற ஆஸ்பத்திரி இருக்கிறது. 1930-ஆம் ஆண்டில் அங்கே பணிபுரிந்த பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓலியரி என்னும் மூன்று டாக்டர்கள் ஐந்து நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். ஐவருக்கும் தோலில் வேகமாகப் பரவும் ரணம். அவர்களில் நால்வருக்குப் பெருங்குடலில் நாட்பட்ட புண் இருந்தது. மற்றொருவருக்கு நெஞ்சுக் கூட்டில் நாட்பட்ட சீழ். கிருமிகள் உள்ளே ஓரிடத்தில் இருந்துகொண்டு தோலைத் தாக்குவதாக அவர்கள் கருதினார்கள். ஆகவே, சீழ் என்றும் தோல் என்றும் அழுகல் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

அவர்கள் கண்ட ரணம் உண்மை. குடற்புண்ணுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று கண்டதும் உண்மை. காரணம் என்று சொன்னது மட்டும் பிற்கால ஆராய்ச்சியில் நிற்கவில்லை. இது கிருமியால் வருவதன்று. சதை அழுகலும் அன்று. நம் ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப் போர் புரிவது அவற்றின் தொழில். இந்த நோயில் அவை கிருமி இல்லாத இடத்தில் கூட்டங் கூட்டமாகப் போய்ச் சேர்ந்து, தம் சொந்தத் தோலையே அழிக்கின்றன. திருடன் இல்லாத வீட்டில் காவல்காரர்கள் புகுந்து கதவையும் தூணையும் உடைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். வடியும் நீர் சீழ் போலத் தோன்றுவதற்குக் காரணம், சீழும் பெரும்பாலும் இந்த அணுக்களால் ஆனதே என்பதுதான்.

காரணம் பற்றிய கருத்து மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. பெயரைக் கேட்டவுடன் ‘சீழ், அழுகல்’ என்ற எண்ணமே எழுவதால், தொற்று நோயோ என்ற அச்சமும் கூடவே வருகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதே இல்லை. தாயைத் தொட்டால் வராது. அவள் புடவையைத் துவைத்தால் வராது. குழந்தையை அவளருகில் கிடத்தினாலும் வராது.

வெட்டினால் ஏன் வளருகிறது?

காயம் பட்ட இடத்திலேயே நோய் கிளம்புவது இதன் விபரீதக் குணம். வைத்திய நூலார் இதனைப் ‘பாதெர்ஜி’ என்பார்கள். கருவேலங் காட்டில் முள் தைக்காத கால் எங்கள் பக்கத்தில் இல்லை. மற்றவர்களுக்கு முள்ளை எடுத்தால் இரண்டு நாளில் ஆறிவிடும். இந்நோய்க்கு இலக்கான உடம்பில், அவ்வளவு சிறிய குத்தே பெரும் புண்ணுக்கு வித்தாகக் கூடும். அப்படியிருக்க, கத்தி பட்டால் கேட்கவேண்டுமா? வயிற்றைக் கீறியது முதற் காயம். சதையை வெட்டுவது அடுத்த காயம். ஒவ்வொரு வெட்டும் அந்த அணுக்களுக்கு ஒரு புதிய அழைப்பாகிறது.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். சீமைக் கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் பூசி, உள்ளே கனலை நாட்கணக்கில் அடக்கி வைப்பார்கள். எங்காவது வெடித்துப் புகை கிளம்பினால் கோலை விட்டுக் குத்திக் கிளறமாட்டார்கள். கிளறினால் காற்று புகுந்து அத்தனை விறகும் சாம்பலாகும். மண்ணை அள்ளி அப்பி மூடுவார்கள். இந்த ரணத்துக்கும் முதலில் வேண்டியது கனலை அடக்குவது, கிளறுவது அன்று.

கர்ப்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கர்ப்பம் தரித்த பெண்ணின் உடம்பு, தன்னுடையதல்லாத ஓர் உயிரைப் பத்து மாதம் பகைக்காமல் தாங்கவேண்டியிருக்கிறது. அதற்காக அவளுடைய உடற்காவல் முறையே சில வகைகளில் மாறுகிறது. ஒருபக்கம் சில காவல்கள் தளர்கின்றன. மறுபக்கம் நியூட்ரோபில் அணுக்கள் பெருகுகின்றன. சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெள்ளை அணுக்கள், கர்ப்ப காலத்தில் 15,000 வரையிலும், பிரசவ சமயத்தில் அதற்கு மேலும் போகலாம். இது நோயன்று, இயற்கை. அந்த அணுக்களை உற்பத்தி செய்யத் தூண்டும் ஒரு பொருள் கர்ப்ப காலத்தில் உடம்பில் மிகுதியாகிறது. இந்த மிகுதியும், கூடவே ஆபரேஷன் காயமும் சேரும்போது, ஏற்கெனவே நோய்க்கு இடங் கொடுக்கும் இயல்புள்ள சிலருக்கு ரணம் கிளம்புகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

இதிலிருந்து வீட்டார் அறிந்துகொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வெள்ளை அணு மிகுந்திருப்பது ஒன்றையே வைத்துக்கொண்டு கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இந்த நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு வேறொரு நோயும் உள்ளே மறைந்திருக்கிறது: பெருங்குடல் புண், மூட்டுவாதம், சில ரத்த நோய்கள். ஆகவே ரணத்தைக் கண்டவுடன் வயிற்றையும் மூட்டுக்களையும் ரத்தத்தையும் பற்றி விசாரிப்பது அவசியமாகிறது.

ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த மருந்து

நோய்க்குப் பெயர் வைத்த அதே மேயோ நிலையத்தில்தான் அதற்கு மருந்தும் பிறந்தது என்பது சுவையான வரலாறு. ஆனால் மருந்தைத் தேடியவர் இந்த ரணத்தை எண்ணித் தேடவில்லை.

அங்கே பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் மூட்டுவாத நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1929-ஆம் ஆண்டில் ஒரு மூட்டுவாதக்காரருக்கு மஞ்சட் காமாலை வந்தது. உடனே மூட்டு வலி தணிந்துவிட்டது. ஹெஞ்ச் இதைக் குறித்து வைத்துக்கொண்டார். பிறகு, மூட்டுவாதமுள்ள ஸ்திரீகள் கர்ப்பம் தரித்தால் வலி குறைவதையும், பிரசவம் ஆனபின் திரும்பி வருவதையும் கவனித்து 1938-ஆம் ஆண்டில் எழுதினார். உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து இந்த நோயை அடக்குகிறது என்பது அவர் ஊகம். அதே நிலையத்தில் எட்வர்டு கெண்டல் என்ற ரசாயன நிபுணர், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக் கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றை 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆந் தேதி, மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். அந்தப் பொருளே கார்ட்டிஸோன். 1950-ஆம் ஆண்டில் ஹெஞ்சுக்கும் கெண்டலுக்கும், ஸ்விட்ஸர்லாந்தில் இதே துறையில் உழைத்த ரைக்ஸ்டைனுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

கர்ப்பிணிகளைக் கவனித்ததால் ஊகித்த அந்த மருந்தின் வழியில் வந்த பிரெட்னிஸோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துதான், இன்று கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் வரும் இந்த ரணத்துக்கு முதல் மருந்தாக வழங்கப்படுகிறது. மூட்டுவாதத்தைத் தணிக்கும் கர்ப்பமே வேறு சிலருக்கு இந்த ரணத்தைக் கிளப்புகிறது. இயற்கையின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

சரியான மருந்து கிடைத்தவுடன் வலி விரைவில் குறையத் தொடங்குவதும், ரணம் பரவுவது நிற்பதும் உண்டு. முழுதும் ஆறுவதற்கோ பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் ஆகும். பிரிட்டனில் 121 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், பிரெட்னிஸோலோனையும் ஸைக்ளோஸ்போரின் என்ற மருந்தையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ரணம் முழுதும் ஆறியவர்கள் இரு பக்கத்திலும் நூற்றுக்கு 47 பேர்தான். ஆகவே ஒரு வாரத்தில் அற்புதம் நடக்கவில்லையே என்று மனம் தளர்ந்து வைத்தியரை மாற்றுவது கூடாது. இவ்விரண்டுக்கும் அடங்காத ரணத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற புதிய மருந்துகளும் இருக்கின்றன.

இருபுறமும் அபாயம்

இதுவரை படித்தவர்கள், “பிரசவ ரணத்தில் கத்தியே வைக்கக் கூடாது போலும்” என்று எண்ணிவிட்டால், நான் எழுதியது நன்மையை விடத் தீமையே செய்யும். அதை உடனே தடுத்துவிட விரும்புகிறேன்.

1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவினாலே ஜன்னி மரணங்கள் வெகுவாகக் குறையும் என்று நிரூபித்தார். கிருமியை அஞ்சவேண்டும் என்ற பாடத்தை வைத்திய உலகம் எண்ணற்ற தாய்மாரின் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்றது. இன்றும் தையலில் சீழ் வந்தால் அது கிருமியால் வந்ததாக இருப்பதே மிகமிக அதிகம். தோலுக்கு அடியில் சதை மளமளவென்று அழுகிச் செல்லும் ஒரு கொடிய கிருமி நோயும் உண்டு. அதில் சில மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். உடனே வெட்டி எடுப்பதுதான் அங்கே சிகிச்சை. அந்த நோயும் இந்த ரணமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றுக்கு உயிர் காக்கும் கத்தி, மற்றொன்றுக்குத் தீங்கு. ஒன்றுக்கு மருந்தாகும் ஸ்டீராய்டு, மற்றொன்றுக்கு விஷம். வைத்தியரின் சங்கடம் இதுதான்.

அவசரப்பட்டு இந்தப் பெயரைச் சூட்டுவதும் தவறே. இதே மேயோ நிலையத்தார் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பயோடெர்மா காங்கிரினோஸம் என்று தவறாகக் கருதப்பட்ட 95 பேரின் வரலாற்றைத் தொகுத்தார்கள். உண்மையில் அவர்களுக்கு இருந்தவை ரத்தக் குழாய் அடைப்பு, புற்றுநோய், கிருமி நோய் முதலிய வேறு வியாதிகள்.

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? 2018-ஆம் ஆண்டில் பல நாட்டு நிபுணர்கள் கலந்து ஒரு முறையை வகுத்தார்கள். ரணத்தின் விளிம்பிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கும் ‘பயாப்ஸி’ சோதனையில் நியூட்ரோபில் கூட்டம் தெரியவேண்டும். அதனோடு, கிருமி இல்லை என்பது, காயம் பட்ட இடத்தில் கிளம்பியது, குடல் அல்லது மூட்டு நோய் இருப்பது, கொப்புளம் நான்கு நாளுக்குள் புண்ணானது, விளிம்பு குடைந்து சிவந்து வலிப்பது முதலான எட்டு அடையாளங்களில் நான்காவது பொருந்தவேண்டும். பயாப்ஸியும் ஒரு காயந்தானே என்று கேட்கலாம். மெய்தான்; ஆயினும் அச்சிறு காயத்தால் கிடைக்கும் உண்மை, அறியாமல் செய்யும் பெரிய வெட்டுக்களைத் தடுத்துவிடும்.

எங்கள் சீமையில்

வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவர்கள் நாங்கள். கரிசலில் பருத்தியும் மிளகாயும், தோட்டத்தில் மல்லிகையும், வீட்டில் தறியும் எங்கள் பெண்களின் உழைப்பால் நடக்கின்றன. தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள். தாயும் அத்தையும் சித்தியும் சுற்றி நின்று பார்த்துக்கொள்வார்கள். அந்த அன்புக்கு ஈடில்லை. ஆனால் அந்த அன்பே சில சமயம் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் புண்ணில் அப்புகிறது, சாம்பலைத் தூவுகிறது, கட்டியிருக்கும் துணியை வெடுக்கென்று பிய்க்கிறது. இந்த ரணத்தில் அப்படிப் பிய்ப்பதே ஒரு புதுக் காயம். துணி ஒட்டியிருந்தால் உப்பு நீரால் நனைத்து மெதுவாக எடுக்க நர்ஸுகளுக்குத் தெரியும். அவர்களிடமே அதை விட்டுவிடுவது நலம்.

இன்னொன்றும் உண்டு. புண் ஆறவில்லை யென்றால், “பத்தியம் தப்பினாள்”, “தீட்டுப் பட்டது”, “கருவாட்டை ஒளித்துத் தின்றாள்” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. தோல் டாக்டரிடம் போகச் சொன்னால், “பெருவியாதியோ?” என்று அக்கம் பக்கத்தார் நினைப்பார்களே என்ற கூச்சம் வேறு. இந்த ரணம் பெருவியாதி அன்று. அவள் தின்ற பண்டத்தாலோ, நடந்த நடையாலோ வந்ததும் அன்று. வலியால் இரவெல்லாம் விழித்திருப்பவளுக்குப் பழியையும் சேர்த்துச் சுமத்துவது தகாது.

உதவியும் இப்போது முன்போல் தொலைவில் இல்லை. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து 20 கிலோமீட்டர் தூரத்தில் விருதுநகரில், 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அரசாங்க வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. சுமார் 50 கிலோமீட்டரில் மதுரை அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரி. இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகளில் பிரசவ வைத்தியரும் ரண வைத்தியரும் தோல் வைத்தியரும் ஒரே இடத்தில் கூடிப் பேச வழியுண்டு. அம்மூவரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பதே இந்நோய்க்குப் பாதி மருந்து.

வீட்டார் செய்யக்கூடியவை

பிரசவத் தையலில் சிவப்பு, சீழ், காய்ச்சல், வரவர மிகும் வலி ஆகிய எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இது எந்த நோயாயினும் பொருந்தும் விதி. கிராம சுகாதார நர்ஸ் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும்போது தையலைக் காட்டத் தயங்கக் கூடாது.

மருந்து கொடுத்தும் வெட்டிக் கழுவியும் ரணம் பெருகிக்கொண்டே போனால், கீழ்க்கண்ட செய்திகளை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். ரணம் முதலில் எப்படித் தோன்றியது, எத்தனை நாளில் இவ்வளவு ஆயிற்று? ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் சிறுத்ததா, பெருத்ததா? முன்பு எப்போதாவது மலத்தில் ரத்தமோ சளியோ போனதுண்டா, மூட்டுக்கள் வீங்கியதுண்டா? முள்ளோ ஊசியோ குத்தி, ஆறாத புண்ணாக மாறியதுண்டா? கைப்பேசி இல்லாத வீடு இக்காலத்தில் அரிது. ரணத்தின் பக்கத்தில், மேலே படாமல், பிள்ளைகளின் அடிக்கோலை வைத்து நாள்தோறும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்து வார்த்தை சொல்லாததை அந்தப் படங்களின் வரிசை சொல்லிவிடும்.

பிறகு பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: “ஐயா, இது கிருமியில்லாத ரணமாக இருக்கக்கூடுமா? தோல் டாக்டர் ஒருமுறை பார்க்கலாமா?” இப்படிக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. அபூர்வ நோயைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திராத வைத்தியர்கள் அநேகர். நினைவூட்டினால் நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

செய்யவே கூடாதது ஒன்று: மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு வாங்கிக் கொடுப்பது. கிருமி இருந்தால் அது தீயில் நெய் வார்த்தது போலாகும். வைத்தியர் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் அபாயமே, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். அம்மருந்து ரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் உயர்த்தக்கூடும்; ஆதலால் சோதனைகளைத் தவறவிடக் கூடாது.

தாய்ப்பாலைப் பற்றிப் பலருக்குச் சந்தேகம் எழும். பிரெட்னிஸோலோன் பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. ஆதலால் பெரும்பாலும் பால் கொடுக்கத் தடையில்லை. மருந்தின் அளவு அதிகமானால், அதை உட்கொண்டபின் சில மணி நேரம் கழித்துக் கொடுக்கும்படி வைத்தியர் சொல்லலாம். கர்ப்ப காலத்திலேயே இம்மருந்து வேண்டியிருந்தாலும், நஞ்சுக்கொடி அதன் பெரும் பகுதியைச் செயலற்றதாக்கி விடுவதால் சிசுவை எட்டுவது கொஞ்சமே. மற்ற மருந்துகளுக்கு விதிகள் வேறு. அவற்றைக் கேட்டே நடக்கவேண்டும். குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதற்கு இந்நோயில் எவ்விதக் காரணமும் இல்லை.

ரணம் ஆறினபின் அந்த இடம் சல்லடைக் கண்களைப் போலச் சிறு குழிகளுடன் வடுவாக நிற்கும். வடுவோடு ஒரு காகிதமும் நிற்கவேண்டும். நோயின் பெயர், கண்ட ஆண்டு, கொடுத்த மருந்து ஆகியவற்றை வைத்தியரிடமே எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடும் பள்ளிச் சான்றிதழோடும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இந்நோய் மீண்டும் வரக்கூடியது. அடுத்த கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே அக்காகிதத்தைக் காட்டவேண்டும். வேறு எந்த ஆபரேஷனுக்கு முன்னும், பல்லைப் பிடுங்குவதாயினும் சரி, அதைக் காட்டவேண்டும். முன்னமே தெரிந்தால் எங்கே பிரசவம் வைத்துக்கொள்வது, கத்தி அவசியமா, அவசியமானால் மருந்தின் பாதுகாப்போடு எப்படிச் செய்வது என்று வைத்தியர்கள் தீர யோசித்து முடிவு செய்வார்கள். இரண்டாம் முறை அந்த ரணம் தலைகாட்டினால், அதன் பெயர் தெரியாமல் ஒரு நாளும் வீணாகாது.